சாயம் ஏறாத நூல்

எங்கள் கட்டடத்தில் என்னைக் கஞ்சம் என்று சொல்லாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் என் கணவர். அவருக்குத் தைரியம் போதாது. இன்னொருவர் மேல்மாடி கண்டக்டர் அண்ணன். அவர் குடிவந்து அதிக நாள் ஆகவில்லை. மற்ற எல்லாரும் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். நானும் சிரித்துக்கொண்டே படியேறிப் போவேன். இருக்கிற பணத்தைச் செலவழிக்க மனசு வராதவன்தான் கஞ்சன். நான் இல்லாத பணத்தில் நான்கு பேருக்குக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன். அதற்கு வேறு ஏதோ நல்ல வார்த்தை இருக்க வேண்டும். அது அவர்களுக்குத் தெரியவில்லை, பாவம்.

என் கணவர் பேக்கரி வேன் ஓட்டுகிறார். நான் ஒரு ஓட்டல் லாண்டரியில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறேன். கிழிந்துவிட்டது என்று அங்கே ஒதுக்கும் விரிப்புகளைக் கேட்டு வாங்கி வருவேன். கிழியாத பக்கம் முதலில் எங்கள் கட்டிலுக்குப் போகும். அங்கே நைந்தால் ஜன்னல் திரை. திரை வெளுத்தால் தலையணை உறை, அப்புறம் கைக்குட்டை, கடைசியில் தரை துடைக்கும் துணி. அது நூல்நூலாகப் பிரிந்த பிறகுதான் அதற்கு விடுதலை. குளியலறையில் ஒற்றைக் காலுறை ஒன்று தொங்கும். தேய்ந்த சோப்புத் துண்டுகள் எல்லாம் அதற்குள் சேர்ந்து திரும்பவும் ஒரு முழுச் சோப்பாகிவிடும். பற்பசை டியூபை நான் கத்தரிக்கோலால் வெட்டித் திறக்கிறேன் என்றால் மாசக் கடைசி வந்துவிட்டது என்று அர்த்தம். இந்த வீட்டுக்குத் தனியாகக் காலண்டர் எதற்கு என்று என் கணவர் கேட்பார்.

இதில் எனக்கு வெட்கம் கிடையாது. யார் வந்தாலும் என் வீட்டில் டீ உண்டு, உட்கார மடிப்புக் கலையாத விரிப்பு உண்டு. யாரிடமும் நான் கைநீட்டியது கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, அலமாரியின் உச்சியில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. அதில் பிஸ்கட் இல்லை. என் மூத்த மகள் பள்ளி முடித்ததும் ரத்தப் பரிசோதனைக்கூட வேலைக்குப் படிக்க ஆசைப்படுகிறாள். சேரும்போது கட்ட வேண்டிய பணம் அந்த டப்பாவில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. வீட்டில் எது தீர்ந்தாலும் அந்த டப்பா இருக்கும் பக்கம் யாரும் தலையைத் திருப்பக் கூடாது என்பது சட்டம்.

பெரியவளுக்குப் பதினாறு வயது. ரோஷம் அப்படியே என்னுடையது. பொறுமை யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை, ஏனென்றால் அதை நாங்கள் பார்த்ததே இல்லை. சின்னவள் அப்படி இல்லை. கோணியைக் கொடுத்தாலும் போட்டுக்கொண்டு, பை எங்கே இருக்கிறது என்று கேட்பாள்.

வருஷப் பரீட்சை முடிந்த அன்று சின்னவள்தான் அந்தச் சுற்றறிக்கையைக் கொண்டுவந்தாள். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது சீருடை மாறுகிறதாம். வெள்ளைச் சட்டை அப்படியே இருக்கும். ஆனால் ஸ்கர்ட்டும் கால்சட்டையும் இனிமேல் சாம்பல் நிறம் இல்லை, கருநீலம். பழைய நிறத்தில் வருகிறவர்கள் வாசலிலேயே நிறுத்தப்படுவார்கள்.

எங்கள் கட்டடத்தில் சீருடையைக் கடையில் வாங்குவது அபூர்வம். கீழ்வீட்டுப் பையன் வளர்ந்தால் அவன் கால்சட்டை எதிர்வீட்டுக்கு வரும், எதிர்வீட்டு ஸ்கர்ட் என் வீட்டுக்கு வரும், என் வீட்டிலிருந்து பின்கட்டுக்குப் போகும். வாங்கும்போதே ஒரு சாண் நீளம் கூட வாங்கி, உள்ளே மடித்துத் தைத்துவிடுவோம். பிள்ளை வளர வளர மடிப்பைப் பிரித்து இறக்குவோம். பிரித்த இடத்தில் பழைய கோடு நிற்கும். கோடுகளை எண்ணினால் அந்த ஸ்கர்ட் எத்தனை வருஷமாக உழைக்கிறது என்று சொல்லிவிடலாம். அப்படிச் சேர்த்து வைத்த சாம்பல் நிறத் துணி மூட்டை முழுவதும் ஒரே தாளில் குப்பையாகிவிட்டது.

முதல்மாடி அக்காவுக்குக் கவலை இல்லை. அவர் எதையும் புதிதாகத்தான் வாங்குவார், ரசீதைக் கசங்காமல் எடுத்தும் வைப்பார். கட்டடத்தில் அவருக்கு ரசீது அக்கா என்றுதான் பெயர். சுற்றறிக்கை வந்த மறுநாளே தன் மகனுக்குக் கருநீலக் கால்சட்டை வாங்கிவிட்டு, எதுக்கு இவ்வளவு யோசனை, வாங்கிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதானே என்று படியில் என்னைக் கேட்டார். அவர் சொன்ன விலையில் என் இரண்டு மகள்களுக்கும் வாங்கினால் டப்பாவில் பாதி காலியாகிவிடும். பாதி காலியான டப்பாவைத் திரும்ப நிரப்ப எனக்கு இன்னொரு வருஷம் வேண்டும். பெரியவளிடம் அந்த இன்னொரு வருஷம் இல்லை.

இரண்டு நாள் இஸ்திரி போட்டுக்கொண்டே யோசித்தேன். ஓட்டலில் கறை போகாத மேசை விரிப்புகளை அடர்ந்த நிறத்தில் சாயம் போட்டுத் திரும்பவும் மேசைக்கு அனுப்புவோம். மேசைக்குச் செய்வதைப் பிள்ளைகளுக்குச் செய்யக் கூடாதா? பழைய சீருடை நல்ல பருத்தி. சாம்பலிலிருந்து கருநீலம் ஒன்றும் மலை ஏறுகிற வேலை இல்லை.

அன்று சாப்பிடும்போது சொன்னேன். சின்னவள் கைதட்டினாள். பெரியவள் தட்டைத் தள்ளி வைத்தாள். அந்த வருஷம் அவளைப் பள்ளிக்கூடத்துக்கே மாணவர் தலைவியாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பள்ளி திறக்கிற அன்று மேடையேறி உறுதிமொழி வாசிக்க வேண்டும், பெற்றோர்களும் வருவார்கள். அதை நான் மறக்கவில்லை. ஆனால் அவள் அதைத் தூக்கத்தில்கூட நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"எத்தனையோ பேரோட பழசை நான் போட்டிருக்கேன். ஒரு நாளாவது கேட்டிருக்கேனா? அன்னிக்கு ஒரு நாள், மேடையில நிக்கும்போது, இது பழசுன்னு யாருக்கும் தெரியக் கூடாதும்மா."

அவள் கண் கலங்கியிருந்தது. என் பெண் அழுது நான் பார்த்தது குறைவு. அந்த நேரத்தில் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"தெரியாதுடி. ஒருத்தர், ஒரே ஒருத்தர் கண்டுபிடிச்சாலும் புதுசு வாங்கித் தரேன். இந்தா, அப்பா சாட்சி."

என் கணவர் சட்டென்று தண்ணீர் குடிக்க ஆரம்பித்தார். சாட்சி சொல்ல அவருக்கு விருப்பமில்லை என்று தெரிந்தது.

நான் அவசரக்காரி இல்லை. முதலில் ஒரு துணுக்கில் சோதித்துப் பார்த்தேன். பெரியவளின் ஸ்கர்ட்டில் மடிப்புக்குள்ளிருந்து ஒரு விரல் நீளம் மட்டும் வெட்டினேன். தையலைப் பிரித்தால் திரும்பத் தைக்க நூல் செலவு, அதனால் தையல் படாத இடமாகப் பார்த்துத்தான் வெட்டினேன். ஒரு சின்னக் கிண்ணத்தில் சாயம் கரைத்துக் கொதிக்க வைத்தேன். துணுக்கு கருநீலமாக வெளியே வந்தது. ரசீது அக்கா மகனின் புதுக் கால்சட்டை கொடியில் காயும்போது பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. அந்தத் துணுக்கைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கட்டடம் முழுக்க வீடு வீடாகக் காட்டினேன். என்னைக் கஞ்சம் என்று சொன்னவர்கள் எல்லாரும், நம்ம வீட்டுதையும் சேர்த்துப் போட்டுடுங்களேன் என்றார்கள். அன்று நான் படியில் இறங்கிய நடை எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

அந்த விடுமுறையில்தான் கண்டக்டர் அண்ணன் மேல்மாடிக்குக் குடிவந்தார். மனைவி இல்லாதவர். ஒரு மகன், ஒரு மகள். மகள் பெரியவளைவிட ஒரு வகுப்பு கீழே. புதுப் பள்ளி, புது ஊர், புது வீடு. எப்போது பார்த்தாலும் கதவுக்குப் பின்னாலிருந்து பாதி முகத்தைக் காட்டுவாள். அண்ணன் தயங்கித் தயங்கிப் பழைய சீருடை ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். பெரியவள் அதற்கு முந்தின வருஷம் போட்ட ஸ்கர்ட் இருந்தது. இதையும் சேர்த்துச் சாயம் போட்டுத் தருகிறேன் என்றேன். மறுநாள் தன் கையாலேயே சாயப் பொட்டலங்களுக்கு அவர் பங்கைக் கொண்டுவந்து கொடுத்தார்.

பள்ளி திறப்பதற்கு முந்தின சனிக்கிழமை மொட்டை மாடியில் அண்டா ஏறியது. அண்டா லாண்டரியில் ஒதுக்கிப் போட்டது. அடுப்பு என் கணவர் பேக்கரியில் கேட்டு வாங்கி வந்தது. கட்டடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் மேலே வந்துவிட்டார்கள். கல்லுப்பைக் கொட்டினேன், சாயத்தைக் கரைத்து ஊற்றினேன், துணிகளை நனைத்துப் பிழிந்து ஒவ்வொன்றாக இறக்கினேன். கிளறாமல் விட்டால் திட்டுத்திட்டாகிவிடும். துடைப்பக் கட்டையால் மாற்றி மாற்றிக் கிளறினோம். கண்டக்டர் அண்ணன் பேருந்தில் கூட்டத்தை உள்ளே தள்ளுகிற மாதிரி, உள்ள போங்க, உள்ள போங்க என்று கால்சட்டைகளை அமுக்கினார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் மகளும் சிரித்தாள். முழு முகத்தையும் அன்றுதான் பார்த்தேன்.

அலசி, திரும்ப அலசி, தண்ணீர் தெளிவாக வந்த பிறகு கொடிகளில் போட்டோம். ஈரத்தில் எல்லாம் கருகருவென்று ஒரே நிறமாக இருந்தன. இன்னொரு அதிசயம், இத்தனை வருஷம் மடிப்பு இறக்கிய கோடுகள் எல்லாம் காணாமல் போயிருந்தன. எந்த ஸ்கர்ட் எத்தனை கைமாறி வந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. பெரியவள் கொடிக்குக் கீழே வந்து நின்று பார்த்தாள். போகும்போது என் நெற்றியில் இருந்த சாயக் கறையைத் தன் விரலால் துடைத்துவிட்டுப் போனாள். அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுக்கப் போனேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது. துணிகள் காய்ந்திருந்தன. காய்ந்த துணி எல்லாம் கருநீலம். தையல் எல்லாம் சாம்பல்.

கொஞ்ச நேரம் என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன். அப்புறம் ஒரு கால்சட்டையைக் கையில் எடுத்து முகத்தருகே கொண்டுவந்தேன். துணி பருத்தி, சாயத்தைக் குடித்துவிட்டது. நூல் பருத்தி இல்லை. அது ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. பையைச் சுற்றி, பக்கவாட்டில், இடுப்புப் பட்டையில், கீழ்மடிப்பில், எங்கெங்கே ஊசி போயிருந்ததோ அங்கெல்லாம் வெளிறிய புள்ளி புள்ளியாகக் கோடு. தையல்காரர் சாக்குக்கட்டியால் கோடு போட்டுவிட்டு இன்னும் தைக்காமல் வைத்த துணி மாதிரி இருந்தது. ஒட்டுப்போட்ட இடம், கிழிந்ததைச் சேர்த்த இடம், எதுவும் ஒளியவில்லை. நூல் செலவை மிச்சம் பிடிக்கப்போய் நான் தையலில்லாத துணுக்கைச் சோதித்திருந்தேன். என் சிக்கனமே என் காலை வாரிவிட்டது.

ஒவ்வொருவராக மேலே வந்தார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பரவாயில்லை, நிறம் சரியாத்தானே இருக்கு என்று சொல்லி அவரவர் துணியை மடித்துக்கொண்டு போனார்கள். கண்டக்டர் மகள் தன் ஸ்கர்ட்டை வாங்கி, கோடு உள்ளே போகிற மாதிரி மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். கடைசியாகப் பெரியவள் வந்தாள். தன் ஸ்கர்ட்டை எடுத்தாள், வெயிலில் பிடித்துப் பார்த்தாள், திரும்பக் கொடியிலேயே போட்டாள்.

"ஒருத்தர் இல்லம்மா. கேட்லேருந்தே எல்லாருக்கும் தெரியும்."

அவள் கத்தியிருக்கலாம். மெதுவாகச் சொன்னதுதான் சுட்டது.

நான் வீட்டுக்கு வந்து நாற்காலி போட்டு ஏறி டப்பாவை இறக்கினேன். சொன்ன வாக்கு வாக்குதான். மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை சீருடைக் கடை திறந்திருக்காது என்றார். பிறகு, நூல்தானே காட்டிக்கொடுக்கிறது, நூலை மாற்றினால் என்ன என்று கேட்டார். இருபது வருஷத்தில் அவர் சொன்ன நல்ல யோசனைகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். அதில் இது முதல் விரல்.

தையல் மிஷின் என்னிடம் கிடையாது. ரசீது அக்காவிடம் இருந்தது. உறைகூடக் கசங்காமல் இருந்தது. போய்க் கேட்டேன். எனக்கு அது எளிதாக இல்லை, என் முகத்திலேயே தெரிந்திருக்கும். அவர் எதையும் குத்திக்காட்டவில்லை. மிஷினைத் துடைத்து மேசையில் வைத்தார், கருநீல நூல்கண்டு ஒன்றை இழுப்பறையிலிருந்து தேடி எடுத்தார், எனக்கு டீயும் போட்டார். கஞ்சமும் ரசீதும் ஒரே மேசையில் உட்கார்ந்தது அன்றுதான்.

பெரியவளின் ஸ்கர்ட்டைத் தையல் தையலாகப் பிரித்தேன். மடிப்புகள், பட்டை, பை, எல்லாவற்றையும் பிரித்துக் கருநீல நூலில் திரும்பத் தைத்தேன். மதியம் போய்ச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஒரு ஸ்கர்ட்டுக்குத்தான் நேரம் இருந்தது, நூலும் அதோடு தீர்ந்தது. நடுவில் கண்டக்டர் மகள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வா என்றதற்குத் தலையை ஆட்டிவிட்டு அங்கேயே நின்று மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஷின் பார்க்கப் புதிதாக இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முடித்ததும் ஸ்கர்ட்டை விளக்குக்குக் கீழே பிடித்தேன். ஒரு கோடு இல்லை. ரசீது அக்கா தன் மகனின் புதுக் கால்சட்டையை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். இதுதான் புதுசு மாதிரி இருக்கு என்று அவரே சொன்னார். அந்த வாயிலிருந்து அது வந்தது எனக்குச் சம்பளம் ஏறிய மாதிரி இருந்தது.

இஸ்திரி போட்டுக் கட்டிலில் வைத்தேன். பெரியவள் தொட்டுப் பார்த்தாள். உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். மத்தவங்களோடது என்று கேட்டாள். மத்தவங்களோடது அப்படியேதான், நேரம் இல்லைடி என்றேன். அவள் தலையசைத்தாள். கோபம் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் அதைப் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். என் கண்ணுக்கே எதுவும் தெரியவில்லை. மேல்மாடிப் பெண்ணுக்கு வழி தெரியாது, நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டு மாடியேறினாள். நான் சின்னவளுக்குத் தலை பின்ன உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு ஜோடிச் செருப்புகள் படியில் தடதடவென்று இறங்கிப் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

லாண்டரியில் அரைநாள் அனுமதி வாங்கியிருந்தேன். என் கணவர் வேனை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தார். பள்ளி வாசலில் தலைமை ஆசிரியை நின்று ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் போகும்போது நான் ஒரு அடி முன்னால் போய் நின்றேன். அவர் கீழ்வீட்டுப் பையனின் கால்சட்டையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். பிறகு, நிறம் சரி, போ என்றார். அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் போனார்கள். சின்னவள் திரும்பி எனக்குக் கையாட்டிவிட்டு ஓடினாள்.

மைதானத்தில் பெற்றோர்களைப் பின்பக்கம் நிறுத்தியிருந்தார்கள். வரிசை வரிசையாகக் கருநீலம். அதில் அங்கங்கே எங்கள் கட்டடத்துக் கோடுகள். தூரத்திலிருந்தும் எண்ணிவிடலாம் போல இருந்தது. பரவாயில்லை, மேடையில் இருப்பவள் மேல் இருக்காது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பெயர் கூப்பிட்டார்கள். பெரியவள் மேடையேறினாள்.

அவள் ஸ்கர்ட் முழுக்கக் கோடு. பையைச் சுற்றிக் கோடு, இரண்டு பக்கமும் கோடு, கீழ்மடிப்பில் கோணலாக ஒரு கோடு. வெள்ளைச் சட்டைக்குக் கீழே வெயில் பட்டு ஒவ்வொரு தையலும் பளிச்சென்று நின்றது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் முதுகு ஒடியத் தைத்தது எங்கே போயிற்று என்று எனக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. அப்புறம் அந்தக் கோணல் கோட்டைக் கவனித்தேன். அது நான் பெரியவளின் பழைய ஸ்கர்ட்டில் அவசரத்தில் போட்ட தையல். கண்டக்டர் மகளுக்குக் கொடுத்த ஸ்கர்ட்.

என் கண் வரிசைகளுக்குள் ஓடியது. ஒரு வகுப்பு கீழே, புதுப் பிள்ளைகள் நிற்கிற ஓரத்தில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அவள் ஸ்கர்ட்டில் ஒரு கோடு இல்லை. பக்கத்தில் நின்ற பெண் அவளிடம் ஏதோ கேட்க, அவளும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி முகத்தால் இல்லை.

பெரியவள் உறுதிமொழி வாசித்தாள். குரல் நடுங்கவில்லை. என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் கண்டுபிடித்துவிட்டார் என்று கை பிடித்த விதத்திலேயே தெரிந்தது. என் பெண் அந்தக் கோடுகளோடு அத்தனை பேருக்கு முன்னால் நிமிர்ந்து நின்றபோது எனக்கு வந்த பெருமையை எந்த டப்பாவில் போட்டு எந்த மூடியால் மூடுவது? கூட்டத்தில் நான் சத்தம் போட்டு அழவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மேடையை விட்டு இறங்கும்போது தலைமை ஆசிரியை அவளை நிறுத்தி ஏதோ கேட்டதையும் பார்த்தேன். என்ன கேட்டார் என்று சின்னவள்தான் மத்தியானம் ஓடிவந்து சொன்னாள். அவள் மேடைக்குப் பக்கத்து வரிசையில் இருந்தாள். இது என்ன தையல் என்று ஆசிரியை கேட்டாராம். எங்க கட்டடத்துல எல்லாருக்கும் இப்படித்தான் மேடம், எங்க அம்மாதான் சாயம் போட்டாங்க என்று அக்கா சொன்னாளாம். மெதுவாகச் சொன்னாளா என்று கேட்டேன். மேடைப் பக்கத்து வரிசை எல்லாத்துக்கும் கேட்டுச்சும்மா என்றாள்.

பெரியவள் பின்னாலேயே வந்து சேர்ந்தாள். முந்தின வருஷத்து ஸ்கர்ட், இடுப்பில் கொக்கி எட்டவில்லை. ஊக்குப் போட்டு இழுத்து மாட்டியிருந்தாள். ஊக்கு அழுத்திய இடத்தில் தோல் சிவந்திருந்தது. ஏண்டி இப்படிப் பண்ணினாய் என்று கேட்டேன். மேல்மாடிப் பெண் காலையில் சீருடையே போடாமல் உட்கார்ந்திருந்தாளாம். ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாளாம்.

"என்னை அங்க எல்லாருக்கும் தெரியும்மா. கோடு இருந்தாலும் நான் நான்தான். அவளை யாருக்கும் தெரியாது. முதல்ல கோடுதான் தெரியும்."

அந்தப் பெண் வாசலில் நின்று பார்த்தது மிஷினை இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பெண்ணுக்கு என்னைவிடச் சீக்கிரம் உறைத்திருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு அலமாரிப் பக்கம் போனேன்.

"எதுக்கும்மா ஏறுற?"

"ஒருத்தர் கண்டுபிடிச்சாலும் புதுசுன்னு சொன்னேன். ஊரே கண்டுபிடிச்சாச்சு."

"இறங்கு. அது என் படிப்புப் பணம், அந்தப் பக்கம் தலையைத் திருப்பக் கூடாது." என் சட்டத்தையே எனக்குச் சொன்னாள். பிறகு ஊக்கைக் கழற்றி, வயிற்றைத் தடவிக்கொண்டே ஸ்கர்ட்டை என் மடியில் போட்டாள். "இடுப்பை மட்டும் கொஞ்சம் பிரிச்சு விட்டுடு. தைக்கும்போது சாம்பல் நூல்லயே தை. ஒரு இடத்துல மட்டும் நிறம் மாறினா அசிங்கமா இருக்கும்."

வீட்டில் சாம்பல் நூல் இல்லை. அன்று சாயங்காலமே கடைக்குப் போய் ஒரு கண்டு வாங்கினேன். புதுசு. பழைய துணியில் உருவின நூல் இல்லை, கேட்டு வாங்கினது இல்லை, யார் இழுப்பறையிலிருந்தும் வந்தது இல்லை. கடைக்காரர் கொடுத்த ரசீதைக்கூடக் கசங்காமல் எடுத்து வைத்திருக்கிறேன்.